அந்தக் குரல் என்ன சொல்கிறது?

ஆளில்லாத வீட்டில் யாரோ பேசுவது காதில் விழுகிறது என்று ஒருவர் சொன்னால், நல்லூர், விருத்தாசலம் பக்கத்தில் என்ன செய்வோம்? காத்து கருப்பு என்போம். கொளஞ்சியப்பர் கோயிலில் முறையீட்டைச் சீட்டில் எழுதிப் பிராது கட்டுவோம். தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் அந்தக் குரல் யாருடையது, என்ன சொல்கிறது என்று அவரையே யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மனச்சிதைவு நோயாளிகளுக்காக டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கியது ஸ்கார்ஃப் நிறுவனம். அங்குள்ள டாக்டர் பத்மாவதியும் அமெரிக்க மானுடவியலாளர் தான்யா லூர்மனும் மற்றவர்களும் சேர்ந்து சென்னை, கானாவின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மட்டேயோ ஆகிய மூன்று ஊர்களிலும் குரல் கேட்கும் மனநோயாளிகள் தலா 20 பேரிடம் உட்கார்ந்து பேசினார்கள். 2015இல் ஆய்வு அச்சானது. கலிபோர்னியாவில் பலருக்கும் கேட்டது ரத்தமும் வன்முறையுமான பேச்சு. அக்ராவில் பெரும்பாலோரிடம் கடவுள் பேசினார். சென்னையில் பாதிப் பேருக்கு மேல் கேட்டது சொந்தக்காரர்களின் குரல்: குளி, சமை, வீட்டைக் கூட்டு என்று ஏவும், சில சமயம் திட்டும். அசிங்கமாகப் பேசும் குரலால் நொந்தவர்களும் உண்டு. ஆகவே நம் ஊரில் இந்த நோய் லேசானது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குரல் கேட்டாலே மனநோய் என்றும் ஆகிவிடாது. வலிப்பு நோயிலும் பார்க்கின்சன் நோயிலும் கேட்கலாம். காது மந்தமான முதியவர்களுக்குப் பாட்டே கேட்பதுண்டு. கண் சொக்கும் நேரத்தில் நல்ல உடம்புக்காரருக்கும் கேட்கும். வேல்ஸ் நாட்டு மருத்துவர் டீவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்து 1971இல் எழுதினார். ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தவரை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். பத்தில் ஒருவருக்கு மேல் அவர் குரலையே கேட்டிருந்தார்கள். பலருக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. ஆனாலும் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

சொல்ல விடாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் பிணைத்திருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை.

வீட்டில் ஒருவருக்குக் குரல் கேட்டால் பக்கத்தில் உட்காருங்கள். எப்போது வருகிறது, பயமாக இருக்கிறதா என்று விசாரியுங்கள். செத்துப்போ என்றோ யாரையாவது அடி என்றோ ஏவினால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், காய்ச்சலோடு திடீரென்று தொடங்கினால், அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மாத்திரை பலருக்குக் குரலைத் தணிக்கும். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள், காசு கிடையாது.