மூதவை ஆணையும் நடுகல்லும்

(இராசிங்காபுரத்தில் ஆற்றிய உரை)



உரோமை மூதவை ஆள்வோர்க்குச் சிறப்புகளை அள்ளி வழங்கியது. கி.மு. 27இல் ஒக்தாவியனுக்கு 'அகசுத்தசு' என்னும் பட்டம், கி.மு. 8இல் ஒரு திங்களுக்கே அப்பெயர். அதுவே இன்றைய ஆகசுட்டு. பின்வந்த தொமீசியனும் தன் பெயரையும் பட்டத்தையும் இரு திங்கள்களுக்குச் சூட்டினான். கி.பி. 96இல் அவன் கொலையுண்டான். உடனே அம் மூதவை அவன் பெயரைக் கல்வெட்டுகளினின்று சுரண்டி எறிய ஆணையிட்டது. திங்கள்களும் பழம்பெயர் பெற்றன. அச்சத்தால் தந்த சிறப்பு, அச்சம் நீங்கவே அழிந்தது!

நம் தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில், 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் கழகக்கால நடுகற்களைக் கண்டனர். அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோட்பூசலில் வீழ்ந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல். அரசப் பட்டம் எதுவும் அதில் இல்லை. ஆயினும், ஈராயிரம் ஆண்டு கடந்தும் அவன் பெயர் தமிழி எழுத்தில் நிற்கின்றது.

உங்கள் தோட்ட வரப்பிலும் மலைச்சரிவிலும் எழுத்துள்ள கல் கிடக்கலாம். அதனைத் துவைகல்லாக்காதீர், படிக்கல்லாக்காதீர், கல்வெட்டறிந்தார்க்குக் காட்டுங்கள். இன்றேல், தொமீசியனுக்கு உரோமையர் செய்ததை நம் மறவர்க்கு நாமே செய்தவராவோம்!

வாழ்க தமிழ்!