பிள்ளைக்கு என்ன ஊசி?
வாவிக்கரைப் பெற்றோரின் கேள்வியும் எமது கடமையும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், சுகாதாரத் துறையில் பணியாற்றும் பழைய மாணவியர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்கு இனிமையான விடயங்கள் பல உண்டு. அவற்றைச் சுவையாகச் சொல்ல வல்லவர்களும் இங்கே பலர் இருக்கிறார்கள். வைத்தியர்களாகவும் தாதியராகவும் குடும்பநல உத்தியோகத்தர்களாகவும் கடமையாற்றும் நாம், எமது அன்றாட வேலையிலிருந்து ஒரு விடயத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். பிள்ளைகளுக்கு ஏற்றப்படும் தடுப்பூசிகளைப் பற்றி எமது பகுதிப் பெற்றோர் என்ன நினைக்கிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதே அது.

முதலில் ஒரு நற்செய்தி. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்று அடியோடு மறுக்கும் பெற்றோர் மிகச் சிலரே. இது தானாக வந்த நம்பிக்கையல்ல. தலைமுறை தலைமுறையாகக் கட்டியெழுப்பப்பட்டது.

இலங்கையில் பெரியம்மைக்கு அம்மைப்பால் குத்தும் வழக்கம் 1802 ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. எமது பகுதியிலோ அம்மை என்பது வெறும் நோயன்று. அது அம்மாள் வருத்தம். வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, நோயாளியைத் தனியே கிடத்திப் பராமரித்த மரபு எங்களுடையது. செட்டிபாளையத்திலும் தம்பிலுவிலிலும் வைகாசி மாதத்தில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு இன்றும் நடைபெறுகிறது. பெரியம்மை உலகை விட்டே ஒழிந்ததாக 1980 இல் அறிவிக்கப்பட்டது. குளிர்த்தி ஒழியவில்லை. ஊசியை ஏற்றுக்கொள்வதற்காக எமது மூதாட்டிகள் அம்மனைக் கைவிட வேண்டியிருக்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். மக்களின் நம்பிக்கையை இகழாமல் பேசியவர்களின் சொல்லே இங்கு எடுபட்டிருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் தடுப்பூசிகள் ஒவ்வொன்றாக வந்தன. காசநோய்க்கான பி.சி.ஜி. 1949 இல் வந்தது. தொண்டைக்கரப்பான், கக்குவான், ஏற்புவலி ஆகிய மூன்றுக்குமான முக்கூட்டு ஊசி 1961 இலும், இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து 1962 இலும் வந்தன. 1978 இல் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் தொடங்கியது. 1984 இல் சின்னமுத்து ஊசி அதில் சேர்ந்தது. இவற்றை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், நாம் எல்லோரும் ‘மிஸ்’ என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பிணியாக இருந்தபோதே தன்னை வந்து பார்த்தவர், பிள்ளையின் நிறையைக் குறித்துத் தந்தவர் சொல்கிறார் என்பதால்தான் தாய் கையை நீட்டினாள். துண்டுப்பிரசுரத்தைப் படித்துவிட்டு ஊசி போட வந்த தாயை நாம் அதிகம் கண்டதில்லை.

யுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1995 முதல் இளம்பிள்ளைவாதத்துக்கு எதிரான தேசிய நோய்த்தடுப்பு நாட்கள் நடத்தப்பட்டன. யூனிசெப் நிறுவனத்தின் முயற்சியால் இரு தரப்பும் அந்நாட்களில் துப்பாக்கிகளை அமைதியாக்க இணங்கின. சொட்டு மருந்து ஐஸ் பெட்டியில் வாவியைக் கடந்து போனது. மண்முனைக்குப் பாலம் வந்தது 2014 இல்தான். அதுவரை பாதையும் தோணியுமே வழி. சோதனைச் சாவடிகளைக் கடந்து, பிள்ளையை இடுப்பில் சுமந்து வந்த தாய்மார் அன்று இளம்பிள்ளைவாதத்தைக் கண்ணால் கண்டவர்கள். அந்நோயின் கடைசி நோயாளி இலங்கையில் இனங்காணப்பட்டது 1993 இல்.

இன்றைய இளம் தாய் இளம்பிள்ளைவாதத்தைக் கண்டதில்லை. தொண்டைக்கரப்பானைக் கண்டதில்லை. அவள் காண்பது ஊசி போட்ட இரவில் பிள்ளைக்கு வரும் காய்ச்சலையும், கைத்தொலைபேசியில் வரும் குரல் பதிவுகளையும்தான். நோய் கண்ணுக்கு மறைந்ததும் ஊசி மீது ஐயம் எழுவது உலகெங்கும் நடப்பது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் தடுப்பூசித் தயக்கத்தை உலக சுகாதாரத்துக்கான பத்து அச்சுறுத்தல்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

அதே 2019 இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடு என்று அறிவிக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 2023 இல், சின்னமுத்து மீண்டும் பரவியது. 2024 ஜனவரியில் ஒன்பது மாவட்டங்களில் குழந்தைகளுக்கு விசேடமாக ஊசி ஏற்ற வேண்டி வந்தது. அவற்றுள் எமக்கு அடுத்திருக்கும் கல்முனைச் சுகாதாரப் பிரிவும் ஒன்று. எங்கள் சகோதரிகள் பலர் வாழும் கனடாவோ சின்னமுத்தை ஒழித்த நாடு என்ற தகுதியை 2025 நவம்பரில் இழந்தது. ஆகவே இது ஏழை நாட்டுப் பிரச்சினையுமல்ல, படியாதவர் பிரச்சினையுமல்ல.

தயங்கும் பெற்றோரிடம் எப்படிப் பேசுவது? அமெரிக்காவில் 1,759 பெற்றோரிடம் நடந்த ஓர் ஆய்வு 2014 இல் வெளியானது. சின்னமுத்துத் தடுப்பூசி ஓட்டிசத்தை உண்டாக்காது என்ற விளக்கம், நோயின் அபாயங்கள், நோயுற்ற பிள்ளைகளின் படங்கள், ஒரு குழந்தை சாவின் விளிம்புக்குப் போன கதை என்று நான்கு விதமான செய்திகள் கொடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றுகூட ஊசி போடும் எண்ணத்தைக் கூட்டவில்லை. ஏற்கனவே தயங்கியவர்களிடம் ஓட்டிச விளக்கம் அந்த எண்ணத்தைக் குறைத்தே விட்டது. பயமுறுத்தியும் பிழை திருத்தியும் நம்பிக்கையை வளர்க்க முடியாது என்பது எமது கிளினிக் அனுபவத்துக்கும் ஒத்துப் போகிறது. தாய்க்குத் தேவை, அவளது கேள்வியை முழுதாகக் கேட்கும் ஒருவர்.

இன்று எம்மிடம் அதிகம் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. அதுதான் எம்மை வருத்துவது. 2017 முதல் தரம் 6 மாணவியருக்குப் பாடசாலையிலேயே எச்.பி.வி. தடுப்பூசி ஏற்றப்படுகிறது. அது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கானது. சம்மதக் கடிதம் புத்தகப் பையில் வீட்டுக்குப் போகிறது. தாய் மத்திய கிழக்கில் வேலை செய்கிறாள். தகப்பன் வயலிலோ வாவியிலோ நிற்கிறார். கையொப்பமிட வேண்டியவர் அம்மம்மா. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கு எதற்கு இப்படி ஓர் ஊசி என்று அவர் மனதுக்குள் கேட்கிறார். வெளியே கேட்கக் கூச்சம். சாமத்தியச் சடங்கை ஊரறியக் கொண்டாடும் நாம், பிள்ளையின் கருப்பையைப் பற்றி ஒரு வார்த்தை பேசத் தயங்குகிறோம். கடிதம் பைக்குள்ளேயே கிடந்துவிடும் வீடுகளும் உண்டு.

கூச்சத்தை மீறிக் கேட்டவர்களின் சொற்களிலேயே அந்தக் கேள்விகளைத் தருகிறோம்.

“புள்ள இன்னும் பெரிய புள்ளையாகவே இல்ல மிஸ், இப்ப எதுக்கு?” இந்த வைரஸ் பாலுறவின் வழி தொற்றுவது. தொற்று வருவதற்கு முன்பே ஊசி ஏற்றினால்தான் பாதுகாப்பு முழுமையாகும். சிறு வயதில் உடலின் எதிர்ப்புச் சக்தியும் நன்றாக உருவாகும். ஒரு பிள்ளையின் ஒழுக்கத்தைப் பற்றிய ஐயம் இதில் எள்ளளவும் இல்லை. திருமணமான, ஒழுக்கமான எந்தப் பெண்ணுக்கும் இத்தொற்று வரலாம்.

“நாளைக்குப் புள்ள குட்டி பெறுமா மிஸ்?” பெறும். இந்த ஊசி மலட்டுத்தன்மையை ஏற்படுத்துவதில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் அதற்கான சிகிச்சையும்தான் ஒரு பெண்ணின் பிள்ளைப்பேற்றைப் பறிக்கக் கூடியவை.

“வேற நாட்டுல போட்டுப் பார்த்தாங்களா?” பார்த்தார்கள். இங்கிலாந்தில் 2008 முதல் போடுகிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இத்திட்டத்தில் அடங்கிய பெண்களிடையே இப்புற்றுநோய் 87 வீதம் குறைந்திருப்பதாக 2021 இல் வெளியான ஆய்வு காட்டியது.

“ஒண்டும் செய்யாதா?” கை நோகும். சிலருக்குக் காய்ச்சல், தலையிடி வரும். ஊசிக்குப் பயந்து மயங்கும் பிள்ளைகளும் உண்டு. கடும் ஒவ்வாமை மிக அரிது. அதற்காகவே பிள்ளைகளைச் சிறிது நேரம் அமர்த்தி வைத்துப் பார்க்கிறோம். இதை மறைத்துப் பேசுவது கூடாது.

மறைப்பதாலும் கேளாமல் செய்வதாலும் என்ன நேரும் என்பதற்கு அயல்நாட்டில் ஒரு பாடம் இருக்கிறது. இந்தியாவில் ஆந்திரப் பிரதேசத்திலும் குஜராத்திலும் 2009 இல் இதே ஊசி செயல்விளக்கத் திட்டமாகச் சிறுமியருக்குப் போடப்பட்டது. சில சிறுமியர் இறந்ததைத் தொடர்ந்து 2010 இல் அது நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கு ஊசி காரணமல்ல என்றே விசாரணைகள் கூறின. ஆனால் பல பிள்ளைகளுக்குப் பெற்றோரைக் கேளாமல் விடுதிக் காப்பாளர்களே சம்மதக் கையொப்பமிட்டிருந்தது வெளிவந்தது. அதன் பின்னர் மக்களின் நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது எளிதாக இருக்கவில்லை. எமது நாட்டில் 2008 இல் ஐங்கூட்டு ஊசி அறிமுகமாகிச் சில மாதங்களில், சில குழந்தைகளின் இறப்பை அடுத்து இடைநிறுத்தப்பட்டது. நிபுணர்கள் ஆராய்ந்த பின்னர், 2010 இல் மீண்டும் தொடங்கியது. ஐயம் வந்தால் நிறுத்திப் பார்ப்பார்கள் என்று மக்கள் அறிந்திருப்பதும் நம்பிக்கையின் ஒரு பகுதியே.

அன்புச் சகோதரிகளே, உங்களிடம் நாம் வேண்டுவது மூன்று.

ஊரில் இருப்போருக்கு: அயலில் தரம் 6 இல் படிக்கும் பெண்பிள்ளை இருந்தால், அவளது அம்மம்மாவிடம் ஒருமுறை போய்ப் பேசுங்கள். சம்மதம் அவர்களுடையது, விளக்கம் எங்களுடைய கடன்.

கடல் கடந்து வாழ்வோருக்கு: லண்டனில் இருந்தோ ரொறொன்ரோவில் இருந்தோ நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு செய்திக்கு இங்கே வைத்தியர் சொல்லிலும் மதிப்பு அதிகம். வெளிநாட்டு மாமி சொன்னால் அது உண்மை. ஆகவே உறுதிப்படுத்தாத எதையும் குடும்பக் குழுவில் போடாதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு ஊசி போட்டிருந்தால் அதைச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி போதும்.

எல்லோருக்கும்: மகளுக்கு ஊசி போட்டால் தாயின் கடமை முடிந்துவிடாது. 35 வயதைக் கடந்தவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஊசி கிடைக்காத தலைமுறை நாம். எமக்கு அந்தப் பரிசோதனைதான் காவல். தாய் தன் உடலைப் பேணுவதைக் கண்டு வளரும் மகள், தன் உடலைப் பற்றிக் கேட்கவும் கூச மாட்டாள்.

பெண்பிள்ளை வாய் திறந்து கேள்வி கேட்கலாம் என்று எமக்குக் கற்றுத் தந்தது இந்தப் பாடசாலை. அந்த உரிமையை எமது அயலில் உள்ள ஒவ்வொரு தாய்க்கும் அம்மம்மாவுக்கும் பெற்றுக் கொடுப்போமாக.