விரல் அறிந்த எழுத்து: வாசிப்பும் மூளையின் இணைப்புகளும்



யாருடைய நினைவாக, குடும்பத்தார் நிறுவிய அறக்கட்டளை மயிலாப்பூரில் இந்தச் சொற்பொழிவை நடத்துகிறதோ, அந்த அம்மையார் பணிக்காலம் முழுக்க ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர். ஆகவே, மூளையைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தபோது, ஒன்றாம் வகுப்பில் நடக்கும் காரியத்தையே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். கண்ணில் படும் கோடு எப்படி வாயில் ஒலியாக வருகிறது?

1887 அக்டோபரில் பிரான்சில் நன்றாகப் படித்த ஒருவருக்குத் திடீரென்று எழுத்து அடையாளம் தெரியாமல் போயிற்று. வலப்பக்கப் பார்வை போயிருந்ததே தவிர மற்றபடி கண் தெரிந்தது. பேச்சில் பழுதில்லை. எண்களை வாசித்தார், கணக்குப் போட்டார். சொல்வதை எழுதச் சொன்னால் எழுதினார். எழுதிய தாளைச் சற்றுக் கழித்து அவரிடமே நீட்டினால் விழித்தார். ஆனால் அந்த எழுத்தின் வடிவத்தை விரலால் ஓட்டிப் பார்த்தால் அதன் பெயரைச் சொல்லிவிடுவார்! 1892 ஜனவரியில் மறுபடி ஒரு பக்கவாதம். எழுதும் திறனும் போய், சில நாளில் இறந்துபோனார். அவருடைய மூளையை ஆராய்ந்தவர் ஜூல் டெஜெரின் என்ற மருத்துவர். இடது மூளையின் பார்வைப் பகுதி சிதைந்திருந்தது. வலது பார்வைப் பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அங்கிருந்து இடப்பக்கத்து மொழிப் பகுதிகளுக்குச் செல்லும் இழைகள் அறுபட்டிருந்தன. திரு.வி.க. பாலத்தை அடைத்துவிட்டால் மந்தைவெளியும் நலம், அடையாறும் நலம். பஸ் மட்டும் போய்ச் சேராது. விரல் கொண்டுசென்ற செய்திக்கு வேறு வழி இருந்தது. அதனால் அது போய்ச் சேர்ந்தது.

பேச்சுக்கு ஒரு வட்டம், புரிதலுக்கு ஒரு வட்டம் என்று மூளைப் படம் வரைந்து நம்மில் பலர் மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். 1861-ல் ப்ரோக்காவும் 1874-ல் வெர்னிக்கேயும் கண்டவை அவை. தப்பில்லை. ஆனால் அந்தப் படம் வட்டங்களை மனத்தில் பதித்து, நடுவே ஓடும் இழைகளை மறக்கடித்துவிட்டது என்பது என் மனத்தாங்கல். வெர்னிக்கே இழைகளைப் பற்றியும் விரிவாக யோசித்தவர். 1965-ல் நார்மன் கெஷ்விண்ட் எழுதிய நீண்ட கட்டுரைதான் இணைப்புகளை மறுபடி நடு அவைக்குக் கொண்டுவந்தது.

பேச்சுக்கு இயற்கையே வழி செய்திருக்கிறது. எழுத்துக்குச் செய்யவில்லை. எழுத்து தோன்றி ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள்தான். மூளை அதற்கென்று ஒரு பகுதியை வளர்த்துக்கொள்ள அந்தக் காலம் போதாது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதிகளை ஒட்டி, இடது மூளையின் அடிப்புறத்தில் ஒரு சிறு துண்டு எழுத்துக்குப் பழக்கப்படுகிறது. ஆங்கிலம் படிப்பவருக்கும் சீனம் படிப்பவருக்கும் ஏறக்குறைய அதே இடம். ஏன் அதே இடம்? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை ஸ்கேன் எடுத்து, எட்டு வயதில் மறுபடி எடுத்துப் பார்த்து, 2016-ல் விடை சொன்னார்கள். எழுத்துக்கான துண்டு எங்கே அமையும் என்பதை ஐந்து வயதில் இருந்த இணைப்புகளை வைத்தே கணிக்க முடிந்தது. இணைப்பு முந்தி, எழுத்து பிந்தி.

இந்த அவையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஐ.ஐ.டி. மெட்ராஸில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இருக்கிறது. 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற தொகுப்பை வெளியிட்டார்கள்: கருவில் 14 முதல் 24 வாரம் வரையிலான மூளைகளின் 5,132 மெல்லிய சீவல்கள், செல்களைத் தனித்தனியாகப் பார்க்கும் நுட்பத்தில். யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து பார்க்கலாம். நரம்பு செல்கள் பிறந்த இடத்தைவிட்டு மூளையின் மேற்பரப்பை நோக்கி நகரும் பருவம் அது. எழுத்து வர இன்னும் ஐந்தாறு வருஷம் இருக்கிறது.

வயதானால் வழி அடைபட்டுவிடுமா? லக்னோ அருகே கிராமங்களில் எழுத்தறியாத பெரியவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, ஆறு மாதம் தேவநாகரி கற்பித்தபோது, மூளையின் பார்வைப் புறணிக்கும் அடியாழப் பகுதிகளுக்கும் இடையே ஒத்திசைவு கூடியிருந்ததாக 2017-ல் ஓர் ஆய்வு வந்தது.

இந்த இணைப்பைக் கட்டுவதற்கு நம் ஊருக்கு ஒரு பழைய வழி தெரியும். எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் விடுதிக்கு 1789-ல் பொறுப்பேற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்துவிட்டு, தம் விடுதியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் மசியவில்லை, மணலில் கைவைப்பது கௌரவக் குறைச்சல் போலும். ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைச் சின்னவர்களுக்குச் சொல்லித்தரவிட்டார். காரியம் நடந்தது. 1797-ல் லண்டனில் பெல் இந்த அனுபவத்தை அச்சிட, ‘மெட்ராஸ் முறை’ என்று பேர் பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

திண்ணைப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு எழுதவில்லை. ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதியது. கண், காது, வாய், விரல் நான்கும் ஒரே சமயத்தில். 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்து பயிற்சி வகுப்பு தொடங்கினாரே, அவர் முறையிலும் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள் உண்டு. குழந்தை விரலால் தடவி ஒலியைச் சொல்லும்.

2012-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் காரின் ஜேம்ஸ், இன்னும் வாசிக்கத் தெரியாத குழந்தைகளைச் சில எழுத்துகளைத் தாமாகக் கையால் எழுதவும், சிலவற்றைத் தட்டச்சு செய்யவும், சிலவற்றின் மேல் கோடு இழுக்கவும் வைத்தார். பிறகு ஸ்கேனரில் வெறுமனே காட்டியபோது, கையால் எழுதிப் பழகிய எழுத்துகளுக்கே வாசிப்புப் பகுதிகள் விழித்துக்கொண்டன. தி.நகர், அடையாறு எல்.கே.ஜி. பைகளில் கத்தை கத்தையாக வரும் புள்ளிக்கோட்டுத் தாள்களை நினைத்துக்கொள்கிறேன். மாண்டிசோரியின் உப்புத்தாளும் இருக்கும் வடிவத்தின் மேல் இழுப்பதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் அதை எழுதுவதற்கு முந்தைய பழக்கமாகத்தான் வைத்தார்; நம்மிடம் அதுவே முழுப் பாடமாகிவிட்டது.

வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்காகத் தி.நகரில் பல ஆண்டுகளாக இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன், கண், காது, தொடுகை மூன்றையும் சேர்த்துக் கற்பிக்க ஆசிரியர்களைப் பழக்குகிறது. அதே மணல் தட்டு இப்போது ஆன்லைனில் நல்ல விலைக்குக் கிடைக்கிறது. நம்முடையதை நமக்கே விற்கிறார்கள்.

தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கொக்கு’ எழுதச் சொல்லுங்கள். காதில் விழுவது முதலில் க், பிறகு ஒ. தாளில் முதலில் நிற்பது கொம்பு, அடுத்து க, கடைசியில் கால். ஒரே உயிரொலி மெய்யின் இரண்டு பக்கமும் பிரிந்து கிடக்கிறது. பிள்ளை ‘கெ’ என்று தொடங்கி, காலைப் பார்த்ததும் பின்வாங்கி ‘கொ’ என்று திருத்தும். நாம் கவனம் போதாது என்று குட்டுகிறோம். உண்மையில் அது மிகுந்த கவனத்தோடு இடமிருந்து வலமாகப் படித்த பிள்ளை. எழுதும்போது இன்னும் கஷ்டம்: ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று, க-வைத் தொடும் முன்பே கை தெரிந்துகொண்டாக வேண்டும். அசை முழுதாக மனத்தில் ஒலித்தால்தான் அது நடக்கும்.

அதனால் ஆசிரியர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். கெ, கே, கொ, கோ நான்கையும் ஒரே நாளில், அடுத்தடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசையை முழுதாகச் சொன்ன பிறகே விரல் தட்டில் படட்டும். எழுதி முடித்ததும் மறுபடி சொல்லட்டும். மணல் இல்லாவிட்டால் ரவை போதும். இந்த அறக்கட்டளையின் வட்டியில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றாம் வகுப்புகளுக்குத் தட்டு வாங்கித்தரலாம் என்று குடும்பத்தார் நினைத்தால், அடுத்த ஆண்டுப் பேச்சாளருக்குப் பொன்னாடை வேண்டாம் என்று அவர் சார்பில் நான் இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.