பட்டத்திற்குப் பின்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகம் சென்றவர்கள் பல ஆண்டுகளின் பின் என்ன ஆனார்கள் என்பதே இன்று எமக்குத் தரப்பட்ட பொருள். ஒரே ஆண்டில் பல்கலைக்கழகம் புகுந்தவர்கள் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து ஒன்றுகூடி மலர் வெளியிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அம்மலரில் ஒவ்வொருவரும் தம்மைப்பற்றி நாலு வரி எழுதுவர். என்ன உத்தியோகம், எந்த நாட்டில் வாசம், எத்தனை பிள்ளைகள், மூத்தவர் என்ன படிக்கிறார் என்பன அதில் இருக்கும். வாசிக்க இனிமையானவைதாம். ஆயினும், இவர்களைப் படிக்க அனுப்பிய ஊர் என்ன ஆயிற்று என்பதற்கு அங்கே ஒரு வரியேனும் காணக் கிடைப்பது அரிது.

இதைக் கேட்க ஊருக்கு என்ன உரிமை என்று இளைஞர் சிலர் நினைக்கலாம். உரிமை உண்டு. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்திராவிட்டால், வாவியில் இறால் பிடிப்பவர் மகனுக்கும் சேனை செய்பவர் மகளுக்கும் பல்கலைக்கழகம் எட்டாக் கனியாகவே இருந்திருக்கும். இன்றும் பல்கலைக்கழக இடங்களிற் பெரும்பகுதி மாவட்ட அடிப்படையிலேயே பங்கிடப்படுகிறது. பொதுத் திறமைக்கு 40 வீதம், மாவட்டங்களுக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலும் 5 வீதம் என்பது கணக்கு. அப்பின்தங்கிய மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. மாவட்டத்தின் பெயரால் இடம் பெற்றவரிடம் மாவட்டம் கணக்குக் கேட்பது பிழையாகாது.

சரி, அந்தக் கணக்கை எப்படிக் கேட்பது? உத்தியோகத்தையும் சம்பளத்தையும் மட்டும் கேட்டால் விடை பிழைத்துப் போகும். இதற்கு எம் கண்முன் உள்ள உதாரணம் காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனனார். அவர் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் 1916இல் விஞ்ஞான டிப்புளோமா பெற்றார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபராகவும் இருந்தார். அந்த நாளில் இதற்கு மேல் ஒருவருக்கு என்ன வேண்டும்? அவரோ 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். 1930இல் அவரோடு படித்தவர்கள் கூடி ஒரு மலர் வெளியிட்டிருந்தால், அவரைப்பற்றி என்ன எழுதியிருப்பார்கள்? சம்பளம் இல்லை, வீடு இல்லை, குடும்பம் இல்லை. விஞ்ஞானம் படித்தவர் காவி உடுத்துக் கல்லடி உப்போடையிலே பள்ளிக்கூடம் நடத்துகிறார் என்று இரங்கித்தான் எழுதியிருப்பார்கள். அதற்கு அடுத்த ஆண்டிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் அழைத்தது. படித்த விஞ்ஞானந்தானும் வீண்போகவில்லை. பழந்தமிழர் யாழின் நரம்புகளையும் சுருதிகளையும் கணிதங் கொண்டு ஆராய்ந்த யாழ்நூல் 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. யூலையில் சுவாமிகள் மறைந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் கொழும்பிற் கற்ற பாடம் எங்கே போய்க் காய்த்தது பாருங்கள்!

சுவாமிகள் பெரியவர், அவரோடு எம்மை ஒப்பிடலாமா என்று நீங்கள் சொல்வது எமக்குக் கேட்கிறது. ஆகையால் இன்னும் கிட்டிய காலத்துக்கு வருவோம்.

1960களின் தொடக்கத்தில் பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களைக் கூத்தாடச் செய்தார். 1962இல் மேடையேறிய கர்ணன் போருக்கு அம்மாணவர்களைப் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். பட்டம் ஏதும் இல்லாத ஓர் அண்ணாவியார் மத்தளமும் தாளமுமாக நின்று சொல்லிக் கொடுக்க, நாட்டின் முதற் பல்கலைக்கழகத்து மாணவர் அவர்முன் கைகட்டி நின்று ஆட்டம் பழகினர். கூத்து என்றால் படியாதவர் ஆட்டம் என்று எம்மவரே முகஞ்சுளித்த காலம் அது. கூத்தாடப் போன பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று ஏசாத தகப்பன் எங்கே இருந்தான்?

அம்மாணவர்களில் ஒருவர் மட்டக்களப்புச் சின்னையா மௌனகுரு. வந்தாறுமூலை மத்திய கல்லூரியிற் படித்துப் பேராதனை சென்றவர். இராவணேசன் என்னும் கூத்தை மாணவப் பருவத்திலேயே எழுதியவர். பட்டம் பெற்றபின் ஆசிரியரானார். பின்பு மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களையே ஆராய்ந்து 1983இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதன்பின் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்து பேராசிரியராக இருந்து, ஊர்க் கூத்தை மாணவருக்குப் பாடமாகவே வைத்தார். அண்ணாவியாரிடம் வாங்கியது அண்ணாவியார் ஊருக்கே திரும்பி வந்தது. கிழக்குப் பல்கலைக்கழகம் இருப்பதும் அதே வந்தாறுமூலையில் அல்லவா?

வந்தாறுமூலையின் பெயரைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட இயலாது. 1981 ஆகஸ்டில் அங்கே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. நாலு ஆண்டு கழிவதற்குள், 1990இல், வகுப்பறைகள் அகதி முகாமாயின. அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் அங்கே தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை. இன்று அதே மண்டபங்களில் விரிவுரை கேட்கும் பிள்ளைகளிற் பலருக்கு இது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். நாலு வரி எழுதித் தர ஆளில்லாத பெயர்களும் ஒரு தலைமுறையின் கணக்கிலே சேர்ந்தவைதாம். எமது பகுதியிலோ 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006 முடிவிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைப் பகுதி முழுவதுமே இடம்பெயர்ந்தது. அந்த நாட்களிற் சான்றிதழோடு படிப்பையும் தொலைத்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள்.

வெளிநாடு போனவர்களை நாம் பழிக்க வரவில்லை. 1983இன் பின் உயிர் தப்பப் போனவர்களைப் பழிப்பது அறமன்று. அவர்கள் அனுப்பிய காசில் கிணறு வெட்டியோரும் வீடு கட்டியோரும் தங்கையைக் கரை சேர்த்தோரும் அநேகர். ஒன்றை மட்டும் சொல்லுவோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபுரத்துக்கு வர்ணம் பூசக் கேட்டால் பணம் விரைவில் வந்துவிடுகிறது. கல்லிலே பெயரும் பொறிக்கலாம். ஒரு பிள்ளை உயர்தர வகுப்பிற் கணிதம் படிக்க மட்டக்களப்பில் தங்குவதற்குக் கேட்டால் அந்த விரைவு இல்லை. பிள்ளையின் நெற்றியிற் பெயர் பொறிக்க முடியாதென்பதாலோ என்னவோ!

உள்ளூரிலே இருக்கும் பட்டதாரிகளின் பாடும் இலேசானதன்று. 2017இல் மட்டக்களப்பிலே வேலையில்லாப் பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரம் அமர்ந்து போராடினார்கள். 2020இல் அரசாங்கம் நாடெங்கும் பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்த்தது. மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு. கிடைத்த வேலை படித்த படிப்புக்கு ஏற்றதா என்று கேட்டால், விலங்கியல் படித்தவர் பிரதேச செயலகத்திலே கோப்புக் கட்டுகிறார். ஆனால் மாலை ஐந்து மணிக்குமேல் அவரை யார் தடுத்தார்? பனிச்சங்கேணி வாவியிலே எந்த மாதத்தில் உவர் ஏறுகிறது, இறால் ஏன் குறைகிறது என்பதை எழுதி வைக்க விலங்கியல் படித்தவரைவிடத் தகுந்தவர் யார்? தோணிக்காரர் அறிந்ததை அவர் கேட்டு எழுதினால் அது ஆராய்ச்சியாகும். செல்லையா அண்ணாவியார் முன் பேராதனை மாணவர் நின்றதுபோல நிற்க மனம் வேண்டும், அவ்வளவே.

எமது கரையோரப் பாடசாலைகளுக்கு நியமனம் பெற்று வரும் ஆசிரியர்கள், கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்பதில் வியப்பில்லை. அவர்களுக்கும் பிள்ளை குட்டி உண்டு. இந்த ஊரிலே பிறந்தவர் இந்த ஊருக்கே ஆசிரியராக வந்தால் அவர் இடமாற்றம் கேட்டு எங்கே போவார்?

ஆகவே சங்கத்தார் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். கதிரவெளி தொடக்கம் காயான்கேணி வரை, எமது கரையிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த எல்லோர் பெயரையும் ஒரு பதிவேட்டில் எழுதுவோம். பட்டம் முடித்தவர், முடிக்காதவர், திரும்பி வராதவர் என்று எல்லோரையும் எழுதுவோம். உத்தியோகம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், "ஊரிலே யாருக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்" என்றும் ஒரு கட்டம் கீறுவோம். அது வெறுமையாக இருந்தாலும் இருக்கட்டும். கட்டம் இருந்தால் நிரப்ப ஒருவருக்கு மனம் வரும். பால்சேனை, வாகரைப் பக்கத்துக்கு இருவர், மாங்கேணிப் பக்கத்துக்கு இருவர் வேண்டும். பெண் பிள்ளைகளும் முன்வரலாம். வீடு வீடாகப் போய்த் தாய்மாரிடம் கேட்க அவர்களே நல்லவர். கொப்பி வாங்கியாயிற்று, செயலாளரிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.