தட்டிப் பாராத விசை



சந்தையில் மண் சட்டி வாங்குகிறவன்கூட நாலு தடவை தட்டி, ஓசை கேட்ட பிறகுதான் காசை எடுக்கிறான். ‘போன வருஷம் இதே குயவனிடம் வாங்கினது நன்றாயிருந்தது, ஆகையால் தட்ட வேண்டியதில்லை’ என்பவனைக் கண்டால் நாம் சிரிப்போம். ஆனால் அமெரிக்காவில் பெரிய படிப்பாளிகளே அப்படிச் செய்துவிட்டார்கள்.

சூரியனிலிருந்து நுண்ணிய துகள்கள் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிடித்துவர, நாசா ஸ்தாபனத்தார் 2001 ஆகஸ்டு 8-ல் ‘ஜெனிசிஸ்’ என்னும் கலத்தை அனுப்பினார்கள். பைபிளின் முதல் ஆகமத்துக்கும் இதே பெயர்தான். ஆனால் இது உலகம் உண்டான விதத்தை வேதத்தில் தேடாமல் சூரியனிடமே கேட்கப் போன கலம்.

பிடிபடப் போவது மொத்தத்தில் சில உப்புத் துணுக்குகளின் எடைதான். நம் தோல் தூசி ஒன்று அதில் விழுந்தாலும், அது சூரியனுடையதா மனிதனுடையதா என்ற சந்தேகம் வந்துவிடும். ஆகவே, சிலிக்கன், தங்கம், நீலக்கல், வைரம் ஆகியவற்றாலான தகடுகளை ஹூஸ்டன் நகரில் தூசி வடிகட்டிய ஒரு அறையில் வைத்துப் பெட்டியில் பொருத்தினார்கள். பெட்டியின் பாகங்களை மிகமிகச் சுத்தமான தண்ணீரால் கழுவினார்கள். உள்ளே போகிறவர்கள் தலைமுதல் கால்வரை மூடிக்கொள்ள வேண்டும். அங்கே எவர் நுழைந்தாலும் தீட்டுத்தான், தோழர்களே! என்ன ஜாதி என்று கேட்கிற தீட்டல்ல; பூதக்கண்ணாடியில் பார்த்துக் காட்டக்கூடிய தீட்டு.

இவ்வளவு ஜாக்கிரதையாயிருந்தவர்கள் ஒரு சின்ன விசையில் ஏமாந்தார்கள். திரும்பும்போது காற்றில் மோதிக் கலத்தின் வேகம் தடைபடும். அந்த அழுத்தத்தை உணர்ந்து, பாராசூட் விரிப்பதற்கான வேலையைத் தொடங்கி வைக்க வேண்டியது அந்த விசை. ஒன்று பழுதானால் மற்றொன்று உதவட்டும் என்று பல வைத்தார்கள். எல்லாவற்றையும் தலைகீழாகவே வைத்தார்கள்! வரைபடமே தப்பு.

சுழல் யந்திரத்தில் வைத்துச் சுற்றிப் பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். அந்தப் பரீட்சை திட்டத்திலும் இருந்தது. காலம் போதவில்லையென்று கைவிட்டு, படத்தோடு படத்தை ஒப்பிட்டதோடு நின்றார்கள். இதற்கு முன் 1999-ல் போன ‘ஸ்டார்டஸ்ட்’ கலத்தின் அமைப்புத்தானே என்ற நம்பிக்கை. அந்த அமைப்பை இதற்காக மாற்றியிருந்தார்கள் என்பது உறைக்கவில்லை. தகப்பன் நீந்தினான் என்பதற்காகப் பிள்ளையை ஆற்றில் தள்ளுவார்களா?

2004 செப்டம்பர் 8-ல், இறங்கி வரும் கலத்தை ஆகாயத்திலேயே கொக்கி போட்டுப் பிடிக்க ஹெலிகாப்டர்கள் காத்திருந்தன. பாராசூட் விரியவில்லை. மணிக்கு 300 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கலம் யூடா பாலைவனத்தில் விழுந்து உடைந்தது. விதி, கிரகக் கோளாறு என்று யாரும் சொல்லவில்லை. விசாரணைக் குழு வைத்தார்கள். தங்கள் தப்பைத் தாங்களே அச்சிட்டு வெளியிட்டார்கள்.

ஆனால் இன்னொரு சமாசாரம். தகடுகள் உடைந்து கலந்துவிட்டாலும் எது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று தெரியட்டுமென்று, ஒவ்வோர் அடுக்கின் தகடுகளையும் வெவ்வேறு கனத்தில் செய்திருந்தார்கள். அந்த முன்யோசனைதான் கைகொடுத்தது. சேற்றிலிருந்து பொறுக்கிய பதினாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளைக் கனம் பார்த்துப் பிரித்துக் கழுவினார்கள். அப்படி மீட்டவற்றைச் சோதித்துத்தான், சூரியனிலுள்ள பிராணவாயுவின் வகைகள் பூமியிலுள்ள விகிதத்தில் இல்லை என்று 2011-ல் வெளியிட்டார்கள்.