சிரட்டைக் கரியும் டயாலிசிஸ் தண்ணீரும்

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



எங்கள் டயாலிசிஸ் பிரிவைப் பார்க்க வருகிறவர்கள் இயந்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பின்னறையில் நிற்கும் தொட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதற்குள் இருப்பது கரி. நாம் தேங்காயைத் துருவிவிட்டு எறிகிறோமே, அந்தச் சிரட்டையின் கரி.

ஒருமுறை டயாலிசிஸ் செய்ய நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 120 லிட்டர் தண்ணீர் வேண்டும். அது நோயாளியின் இரத்தத்தை ஒட்டியே ஓடுகிறது. நடுவில் ஒரு மெல்லிய சவ்வுதான். கிருமியைக் கொல்லக் குழாய்த் தண்ணீரில் சேர்க்கும் குளோரின் குடிக்கிற நமக்கு நன்மை. அதுவும் அதன் வகையான குளோரமைனும் அந்தச் சவ்வைக் கடந்தால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதைப் பிடித்து நிறுத்துவது கரிதான்.

"அடுப்புக்கரி போதாதா ஐயா?" என்று ஒரு அம்மா கேட்டார்கள். போதாது. சிரட்டையைக் காற்று அதிகம் படாமல் சுட்டால், மூன்று கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரி கிடைக்கும். அதை 900 டிகிரி அளவு வெப்பத்தில் வைத்து நீராவி பாய்ச்ச வேண்டும். அப்போதுதான் உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் திறக்கும். அப்படிச் செய்த நல்ல கரியில் நான்கு கிராம் எடுத்தால், அதன் உட்பரப்பு ஏறக்குறைய ஒரு ஏக்கர்! (குழியில் சுடும்போது எழும் புகை அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) இந்தக் கரி உப்பை நீக்காது, கிருமியையும் கொல்லாது. அதற்கு ஆர்.ஓ. தனியே வேண்டும்.

கரி நாளடைவில் சக்தி இழந்துவிடும். ஆகவே ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்பு தண்ணீரைச் சோதிக்கிறோம். மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. முன்பு எங்களிடம் ஒரே தொட்டிதான் இருந்தது. ஒருநாள் காலை சோதனைக் குழாயில் இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தது. முதல் பஸ்ஸில் வந்த ஆறு பேர் வெளியே காத்திருந்தார்கள். புதுக் கரி போட்டுக் கழுவி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை ஒரு பெரியவர் படுக்க முடியாமல், மூச்சு வாங்க உட்கார்ந்தே இருந்தார்.

இப்போது இரண்டு தொட்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக. முதல் தொட்டி தளர்ந்தால் இரண்டாவது தாங்கும். இயந்திரத்தில் பெயர் பொறிக்கலாம். கரியில் பொறிக்க இடமில்லை. ஆனாலும் வருடாந்தர வரவு செலவில் கரிக்கென்று தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் பின்னறைக்கு வாருங்கள், காட்டுகிறேன்.