கொல்லையிலே வந்த விஷப்பூண்டு
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



இப்போ பல வீட்டுக் கொல்லையிலும் ஒரு செடி மண்டிக் கிடக்கு. இலை கேரட் இலை மாதிரி, பூ வெள்ளையா, பொடிப்பொடியா இருக்கும். "ஏதோ பூச்செடி" என்று விட்டுவிடுகிறோம். அதுதான் பார்த்தீனியம். நம் ஊர்ச் செடியே கிடையாது. அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950-களில், வெளிநாட்டுக் கோதுமையோடு வந்து பரவியதாகச் சொல்கிறார்கள்.

இதைத் தொட்டுத் தொட்டு வேலை செய்தால் தோலில் அரிப்பு, தடிப்பு வரும். பூந்தூள் பட்டால் சிலருக்குத் தும்மல், மூச்சிரைப்பு வரும். தீவனம் இல்லாமல் மாடு இதைத் தின்றால் பால் கசக்கும். களை எடுப்பதும் மாடு பார்ப்பதும் நாமதானே? அதனால முதல் பாதிப்பும் நமக்குத்தான்.

முளைத்து ஒரு மாதம் ஆனாலே பூக்க ஆரம்பிச்சிடும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். கந்துவட்டி மாதிரிதான், விட்டால் குட்டி போட்டுக்கிட்டே போகும். அதனால் பூக்கும் முன்னே பிடுங்கணும்.

மழை பெய்து மண் ஈரமா இருக்கும்போது வேரோடு பிடுங்குங்க. அறுத்துவிட்டால் மறுபடி துளிர்க்கும். வெறுங்கை கூடாது. கையுறை இல்லையா, பாலித்தீன் பையைக் கையில் சுற்றிக்கிடுங்க. முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கில் துணி கட்டுங்க. இரைப்பு உள்ளவங்களும் குழந்தைகளும் கிட்டே வரவே வேண்டாம்.

பூக்காத செடியை எருக்குழியில் போடலாம். பூத்ததைப் போட்டால் விதை எருவோடு வயலுக்கே போய்விடும்.

பயிர் இல்லாத வேலியோரம் என்றால், 1 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உப்பு கரைத்து, நல்ல வெயில் நாளில் இலை நனையத் தெளிக்கலாம். காய்கறிப் பாத்தி, மரத்தடிப் பக்கம் வேண்டாம், மண் கெட்டுப்போகும். பிடுங்கிய இடத்தைச் சும்மா விடாமல் ஆவாரை, தகரை, கொழுஞ்சி விதையைத் தூவினால் இதை வளரவிடாது.

ஒரு வீடு மட்டும் பிடுங்கினால் போதாது. அடுத்த வேலியில் இருந்து விதை பறந்து வரும். பள்ளிக்கூடம், கிணற்றடி, புறம்போக்கு எல்லாம் சேர்த்துச் சுத்தம் பண்ணணும். ஒவ்வொரு குழுவும் மாதம் ஒருநாள் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். இன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். எந்தக் குழு எந்தத் தெரு என்பதையும் இப்போதே பிரிச்சுக்குவோம்.